லண்டனிலிருந்து ஒருநாள் பயணம்: பழைய பிரபுக்களின் மாளிகைகளும் தோட்டங்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும்போதும் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விடும்போதும் "எங்கேயாவது போய்வரலாமே" என்ற பேச்சு எல்லா வீட்டிலும் எழும். லண்டனைச் சுற்றி ஒரு மணி, இரண்டு மணி நேரப் பயணத் தூரத்தில் பழைய பிரபுக்கள் கட்டிய மாளிகைகள் ஏராளம். அவற்றைப் பற்றி உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த இடங்களில் வீட்டைவிடத் தோட்டம்தான் பெரிது. நாளின் நல்ல பொழுதைத் தோட்டத்துக்குக் கொடுங்கள்.

இவ்வளவு பெரிய வீடுகளை ஏன் நம்மைப் போன்றவர்களுக்குத் திறந்துவிட்டார்கள்?

பெரும்பாலும் வரிதான் காரணம். 1870களிலிருந்து வெளிநாட்டுத் தானியம் மலிவாக வந்து இறங்கியதால் பண்ணை நிலத்தின் குத்தகை வருமானம் சரிந்தது. 1894இல் சொத்துக்காரர் இறந்தால் வாரிசு கட்டவேண்டிய வரி வந்தது. அது ஏறிக்கொண்டே போய், இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு மிகப்பெரிய சொத்துகளுக்கு 80 சதவீதத்தைத் தொட்டது. டெர்பிஷயரில் சாட்ஸ்வர்த் மாளிகையின் பத்தாம் டியூக், சொத்தை முன்கூட்டியே மகனுக்கு மாற்றிக்கொடுத்தார். மாற்றிய பிறகு ஐந்து வருடம் உயிரோடு இருந்தால் அந்த வரி கிடையாது. அந்தக் கெடு முடியச் சில வாரங்கள் இருக்கும்போது, 1950இல் இறந்துபோனார். வரியை அடைக்க ஹார்ட்விக் ஹால் என்ற இன்னொரு மாளிகையையே குடும்பம் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

கட்ட முடியாதவர்கள் இடித்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் இப்படிப் போன வீடுகள் நூற்றுக்கணக்கில். மிஞ்சியவற்றில் சிலவற்றை 1895இல் தொடங்கப்பட்ட நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை எடுத்துக்கொண்டது. சிலர் தாங்களே டிக்கெட் போட்டுத் திறந்தார்கள். லாங்லீட் மாளிகை 1949இல் அப்படித் திறந்து, 1966இல் சிங்கங்களையும் கொண்டுவந்துவிட்டது.

எல்லாமே நேஷனல் டிரஸ்ட் இடங்கள்தானே? மெம்பர்ஷிப் எடுத்தால் எங்கும் போகலாமா?

இல்லை, இங்கேதான் பலர் ஏமாந்து நிற்கிறார்கள். ஆஸ்டர்லி, நோல், சிசிங்ஹர்ஸ்ட், ஸ்டூர்ஹெட், ஸ்டோ, கிளேர்மாண்ட் ஆகியவை நேஷனல் டிரஸ்ட். பிளென்ஹைம், ஹீவர், ஹாட்ஃபீல்ட், சாட்ஸ்வர்த் ஆகியவை வேறு. அங்கே டிரஸ்ட் அட்டை செல்லாது, தனி டிக்கெட் எடுக்க வேண்டும். இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் என்பது மூன்றாவது அமைப்பு, அதன் மெம்பர்ஷிப்பும் தனி.

வருடத்தில் நாலைந்து தடவை குடும்பத்தோடு போகும் எண்ணம் உண்டென்றால் டிரஸ்டின் குடும்ப மெம்பர்ஷிப் எடுத்துவிடுங்கள். அவர்களின் பெரும்பாலான கார் பார்க்கிலும் கட்டணம் இருக்காது. ஐந்து வயதுக்குக் கீழே குழந்தைகளுக்கு டிரஸ்ட் இடங்களில் டிக்கெட் இல்லை. காசே செலவழிக்காமல் பார்க்க வேண்டுமானால் செப்டம்பரில் ஹெரிட்டேஜ் ஓபன் டேஸ் நடக்கும்போது பல பழைய கட்டடங்கள் இலவசமாகத் திறந்திருக்கும்.

கார் இல்லை. ரயிலில் போய்வர முடியுமா?

தாராளமாக. முதலில் ஹாட்ஃபீல்ட் ஹவுஸ். கிங்ஸ் கிராஸிலிருந்து ரயில், ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரே வாசல். முதலாம் எலிசபெத் சிறுவயதில் வளர்ந்த பழைய அரண்மனையின் ஒரு பகுதியும், 1611இல் ராபர்ட் செசில் கட்டி முடித்த மாளிகையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. எட்டுப் பத்துப் பேராக, பாட்டி தாத்தாவையும் கூட்டிக்கொண்டு போக இதைவிட எளிதான இடம் எனக்குத் தெரியாது. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள்.

ஹவுன்ஸ்லோ, சவுத்தால் பக்கம் இருப்பவர்களுக்கு ஆஸ்டர்லி கைக்கெட்டும் தூரம். பிக்காடிலி லைனில் ஆஸ்டர்லி ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் போதும். வெளிப் பூங்காவுக்குக் கட்டணம் இல்லை, தோட்டத்துக்கும் வீட்டுக்கும்தான் டிக்கெட். விமானச் சத்தம் இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மான் பார்க்க ஆசை என்றால் நோல். லண்டன் பிரிட்ஜிலிருந்து செவனோக்ஸ், அங்கிருந்து அரைமணி நடை. ஆயிரம் ஏக்கர் மான் பூங்கா. 1987 அக்டோபர் புயலில் அங்கிருந்த மரங்களில் பெரும்பாலானவை ஒரே இரவில் சாய்ந்துவிட்டன. இப்போது நீங்கள் பார்க்கும் இளமரங்கள் அதற்குப் பிறகு நட்டவை. மான்களுக்குத் தீனி கொடுக்காதீர்கள், பக்கத்தில் போகாதீர்கள். ஒரு விஷயம், நோலில் உள்தோட்டம் மிகச் சில நாட்களே திறந்திருக்கும். மானும் மரமும் பார்க்கத்தான் அங்கே போக வேண்டும், பூப் பார்க்க அல்ல.

ஹீவர் கோட்டைக்கு ஹீவர் ஸ்டேஷனில் இறங்கி ஒரு மைல் நடக்க வேண்டும். அங்கே டாக்சி நிற்காது. நடக்க முடியாதவர்கள் ஈடன்பிரிட்ஜ் டவுனில் இறங்கி டாக்சி பிடிப்பது நல்லது. பிளென்ஹைமுக்கு ஆக்ஸ்ஃபோர்ட் வரை ரயில், பிறகு வுட்ஸ்டாக் பஸ்.

மூன்று பெரியவர்கள் முதல் ஒன்பது பேர் வரை சேர்ந்து போனால், நெரிசல் இல்லாத நேரத்தில் குரூப்சேவ் கேளுங்கள். பல ரயில்களில் டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஞாயிற்றுக்கிழமை என்றால் தண்டவாள வேலை நடக்கிறதா என்று முந்தைய இரவே பார்த்துவிடுங்கள்.

தோட்டம் தோட்டம் என்கிறீர்கள். போய்ப் பார்த்தால் வெறும் புல்லும் மரமும் ஏரியும்தானே?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எனக்கு மிகவும் பிடிக்கும். அந்தப் புல்லும் மரமும் ஏரியும் இயற்கையாக அமைந்தவை அல்ல. அவ்வளவும் ஆள் வைத்துச் செய்தவை.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோட்டக்கலை தலைகீழாக மாறியது. அதுவரை பிரெஞ்சு முறையில் நேர்கோடு, வட்டம், கத்தரித்த செடி என்று இருந்தது. வில்லியம் கென்ட் போன்றவர்கள் வந்து, ஓவியத்தில் வரும் நாட்டுப்புறக் காட்சி போலத் தோட்டத்தை அமைக்கத் தொடங்கினார்கள். 1741இல் ஸ்டோவில் தோட்டக்காரராக வந்து சேர்ந்த லான்சிலாட் பிரவுன் அதை நாடு முழுக்கக் கொண்டுபோனார். 'கேப்பபிலிட்டி' பிரவுன் என்று பெயர்ப்பலகைகளில் பார்ப்பீர்களே, அவர்தான். அவர் கை பட்ட இடத்தில் ஆற்றை மறித்து ஏரி செய்திருப்பார். மேட்டைச் செதுக்கிச் சரிவாக்கியிருப்பார். மரங்களைக் கூட்டம் கூட்டமாக நட்டு, எங்கே மறைக்க வேண்டும், எங்கே திறந்துகாட்ட வேண்டும் என்று தீர்மானித்திருப்பார்.

பிளென்ஹைமில் இதைக் கண்ணால் பார்க்கலாம். மாளிகையைக் கட்டிய வான்ப்ரூ, கிளைம் என்ற சின்ன ஓடையின் மேல் ஒரு பிரம்மாண்டமான பாலத்தைக் கட்டினார். பாலத்துக்குள் அறைகள்கூட உண்டு. ஓடையோ சிறியது, பாலம் பொருந்தவே இல்லை. 1760களில் பிரவுன் வந்து ஓடையை மறித்துத் தண்ணீரை உயர்த்தினார். பாலத்தின் கீழ் அறைகள் மூழ்கின, ஆனால் பாலம் முதல்முறையாகத் தன் அளவுக்கேற்ற தண்ணீர்மேல் நின்றது. வுட்ஸ்டாக் ஊர்ப்பக்க வாசல் வழியாக உள்ளே நுழைந்தவுடன் ஏரியும் பாலமும் மாளிகையும் ஒரே பார்வையில் விரியும். அங்கே ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

இன்னொன்றும் தேடிப் பாருங்கள். பல மாளிகைகளின் முன்னால் புல்வெளி வேலியே இல்லாமல் நீண்டு, மாடு மேயும் நிலத்தோடு கலந்துவிடுவது போலத் தெரியும். மாடு ஏன் வீட்டு வாசலுக்கு வரவில்லை? கிட்டே நடந்துபோனால் திடீரென்று தரை முடிந்து ஒரு பள்ளம் இருக்கும். வீட்டுப் பக்கம் செங்குத்தான கல்சுவர், வயல் பக்கம் புல் சரிவு. மாடு சரிவில் இறங்கலாம், சுவரில் ஏற முடியாது. இதற்கு ஹா-ஹா என்று பெயர். வீட்டிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அடிவானம் வரை தன் நிலமாகவே தோன்றவேண்டும் என்பதற்காகச் செய்த வேலை. ஓடி விளையாடும் பிள்ளைகளை அந்த விளிம்பில் கவனியுங்கள், உயரம் கொஞ்சம் அதிகம்தான்.

ஒரே ஒரு தோட்டம்தான் பார்க்க முடியும் என்றால் எதைச் சொல்வீர்கள்?

ஸ்டூர்ஹெட். வில்ட்ஷயரில் இருக்கிறது, காரில் இரண்டரை மணி நேரம் ஆகும், அதிகாலையில் கிளம்ப வேண்டும். ஆனாலும் அதுதான்.

ஹென்றி ஹோர் என்ற வங்கிக்காரர் 1740களில் தொடங்கிச் செய்த தோட்டம். அவர் குடும்பத்து வங்கி 1672இல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. பள்ளத்தாக்கில் தண்ணீரை மறித்து ஏரி உண்டாக்கி, அதைச் சுற்றிக் கோயில்கள், குகை, பாலம் என்று ஒவ்வொன்றாகக் கட்டினார். பாதை ஏரியைச் சுற்றிப் போகிறது. ஃப்ளோரா கோயில் பக்கம் நிற்கும்போது எதிர்க்கரையில் பாந்தியன் என்ற குவிமாடக் கட்டடம் தெரியும். நடக்கத் தொடங்கினால் மரங்கள் அதை மறைக்கும், பிறகு காட்டும், மறுபடி மறைக்கும். பாதை தாழ இறங்கிக் குகைக்குள் நுழையும். உள்ளே சில்லென்று இருக்கும். ஊற்றுத் தண்ணீர் ஓட, அதன்மேல் படுத்துறங்கும் ஒரு நீர்த்தேவதையின் வெள்ளைச் சிலை. சுவரில் கரடுமுரடான ஒரு திறப்பு. அதில் குனிந்து பார்த்தால் ஏரி கண்மட்டத்தில் நிற்கும். வெளியே வந்து கொஞ்சம் நடந்தால், அத்தனை நேரம் அக்கரையில் தெரிந்த பாந்தியன் உங்கள் முன்னால் இருக்கும். அவசரமாக நடந்தால் ஒரு மணி நேரத்தில் சுற்றிவிடலாம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வீடும் தோட்டமும் 1946இல் நேஷனல் டிரஸ்டுக்கு வந்தன. அவற்றைக் கொடுத்த சர் ஹென்றி ஹோருக்கும் அவர் மனைவி ஆல்டாவுக்கும் ஒரே மகன். முதல் உலகப்போரில் பாலஸ்தீனத்தில் காயம்பட்டு 1917இல் இறந்துவிட்டான். கொடுத்த அடுத்த வருடம் கணவனும் மனைவியும் ஒரே நாளில் இறந்தார்கள். வீட்டுக்குள் அந்த மகனின் படம் இருக்கிறது. உள்ளே போகிறவர்கள் அதைப் பார்க்காமல் வராதீர்கள்.

பூ பார்க்க எந்த மாதம் நல்லது?

பிப்ரவரியில் ஸ்னோடிராப். மார்ச்சில் டாஃபோடில், மார்ச் கடைசியில் மக்னோலியா. ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடு வரை காட்டுத்தரையில் புளூபெல். மே மாதம் ரோடோடென்ட்ரான், விஸ்டீரியா. மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் லபர்னம், நம் சரக்கொன்றை மாதிரியே மஞ்சளாகத் தொங்கும். அம்மாக்கள் பார்த்ததும் நின்றுவிடுவார்கள். ஜூனிலும் ஜூலை முதல் வாரத்திலும் ரோஜா. ஆகஸ்ட், செப்டம்பரில் டாலியா. அக்டோபர் கடைசியில் இலை நிறம் மாறுவதைப் பார்க்க ஸ்டூர்ஹெட்டுக்குக் கூட்டம் குவியும்.

ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு டிக்கெட் போடும்போது தேதி உங்கள் கையில் இருந்தால் மே நடுவிலிருந்து ஜூன் கடைசிக்குள் வரவழையுங்கள். ஜூனில் ரோஜாவுக்குப் போகவேண்டிய இடம் கென்ட்டில் உள்ள சிசிங்ஹர்ஸ்ட். 1930இல் எழுத்தாளர் விட்டா சாக்வில்-வெஸ்டும் கணவர் ஹரால்ட் நிகல்சனும் பாழடைந்து கிடந்த அந்த இடத்தை வாங்கினார்கள். ஹரால்ட் கோடு போட்டுத் தோட்டத்தை அறை அறையாகப் பிரித்தார், விட்டா அந்த அறைகளில் செடி கொடிகளை அடர்த்தியாக நிரப்பினார். விட்டா பிறந்து வளர்ந்தது நோல் மாளிகையில். பெண் என்பதால் அது அவருக்கு வாரிசாகக் கிடைக்கவில்லை. கோபுரத்தின் உச்சிக்கு ஏறிப் பார்த்தால் முழுத் தோட்டத்தின் அமைப்பும் புரியும். படி குறுகலானது.

பூஜைக்கு இரண்டு பூ பறித்துக்கொள்ளலாமா? கீழே விழுந்த விதை?

கூடாது. பூவும் வேண்டாம், விதையும் வேண்டாம், கொம்பு ஒடித்தலும் வேண்டாம். பெரியவர்களுக்கு உள்ளே நுழையும் முன்பே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். பல இடங்களில் வாசலிலேயே செடி விற்பார்கள், ஆசைப்பட்டதை வாங்கிக் கொடுங்கள்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாமா?

போகலாம். பெரும்பாலான இடங்களில் புல்வெளியில் விரிப்புப் போட்டு உட்கார்ந்து சாப்பிடத் தடையில்லை. புளியோதரை, எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்குப் பொரியல், தயிர் சாதம் எல்லாம் நன்றாகத் தாங்கும். அடுப்பு மூட்டக்கூடாது, பார்பிக்யூ கூடாது. சில உள்தோட்டங்களில் சாப்பிட விடமாட்டார்கள், அங்கே பலகை இருக்கும். மாளிகைக் கடையில் ஸ்கோனும் டீயும் கிடைக்கும். பன்னிரண்டரைக்கு மேல் வரிசை நீளும். ஒரு வேளைக்கு மேல் காரம் இல்லாமல் இருக்க முடியாதவர்கள் ஊறுகாய் கொண்டுபோங்கள்.

முழங்கால் வலி உள்ளவர்களைக் கூட்டிப்போனால்?

முன்னதாகப் போன் செய்து கேளுங்கள். பெரிய இடங்களில் சக்கர நாற்காலி இரவல் தருவார்கள், சிலவற்றில் கார் பார்க்கிலிருந்து வாசல் வரை சின்ன வண்டி ஓடும். ஸ்டூர்ஹெட்டில் ஏற்ற இறக்கம் உண்டு. ஹாட்ஃபீல்டும் ஆஸ்டர்லியும் சமதரை. செருப்பு வேண்டாம், காலில் பிடிக்கும் ஷூ போட்டுவிடுங்கள். சரளைக்கல் பாதையில் புடவைக் கரை தட்டும், கொஞ்சம் உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு அலுத்துவிடாதா?

வீட்டுக்குள் அலுக்கும், வெளியே அலுக்காது. ஹீவரில் செடியால் ஆன புதிர்ப்பாதை ஒன்றும், மிதித்தால் தண்ணீர் பீய்ச்சும் புதிர்ப்பாதை ஒன்றும் உண்டு. மாற்றுடுப்பு இல்லாமல் போகாதீர்கள். எட்டாம் ஹென்றியின் இரண்டாம் மனைவி ஆன் பொலின் சிறுமியாக வளர்ந்த கோட்டை அது. அங்குள்ள 38 ஏக்கர் ஏரியோ பழையதல்ல. 1903இல் கோட்டையை வாங்கிய அமெரிக்கப் பணக்காரர் வில்லியம் வால்டார்ஃப் ஆஸ்டர், 800 ஆட்களை வைத்துத் தோண்டியது.

ஒரு எச்சரிக்கை. யூ மரத்தின் சிவப்புப் பழம் பார்க்க அழகாக இருக்கும், அதன் விதையும் இலையும் நஞ்சு. லபர்னம் விதையும் ஃபாக்ஸ்குளோவும் அப்படித்தான். வாயில் எதையும் வைக்கக்கூடாது என்று சொல்லிக் கூட்டிப்போங்கள்.

வீட்டுக்குள் ஏன் இவ்வளவு இருட்டு?

வெளிச்சம் பட்டால் பட்டுத்துணியும் கம்பளமும் நிறம் போய்விடும். அதனால் திரையைப் பாதி இறக்கி வைப்பார்கள். நாற்காலியின் மேல் காய்ந்த முட்செடித் தலையோ பைன் காயோ வைத்திருந்தால் உட்காராதே என்று அர்த்தம். போட்டோ எடுக்கலாம், ஃபிளாஷ் கூடாது. கூர்க்குதிகால் செருப்பு பழைய மரத்தரைக்கு ஆகாது. அறைக்கு ஒருவராகத் தன்னார்வலர் நிற்பார். அவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பலகையில் இல்லாத கதையெல்லாம் வரும். பல வருடமாக அந்த ஒரு வீட்டைப் பற்றியே படித்தவர்களாக இருப்பார்கள்.

டிக்கெட் கொடுக்கும்போது 'கிஃப்ட் எய்ட்' என்று கேட்கிறார்களே?

நீங்கள் இங்கே வருமான வரி கட்டுபவராக இருந்தால், கொஞ்சம் கூடுதலாக நன்கொடை சேர்த்துக் கொடுத்தால் அந்த அமைப்பு ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசிடமிருந்து பெற்றுக்கொள்ளும். கட்டாயம் இல்லை. ஊரிலிருந்து வந்த அப்பா தன் அட்டையில் பணம் கட்டுகிறார் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடவேண்டும்.

இதெல்லாம் நம்மிடமிருந்து கொண்டுபோன பணம்தானே?

எல்லா வீடும் இல்லை. ஆனால் பல வீடுகளில் அந்தப் பணம் இருக்கிறது, மறைக்க வேண்டியதும் இல்லை. நேஷனல் டிரஸ்டே 2020இல் வெளியிட்ட அறிக்கையில் தன்னிடமுள்ள 93 இடங்களுக்குக் காலனி ஆட்சியோடும் அடிமை வணிகத்தோடும் இருந்த தொடர்பைப் பட்டியல் போட்டது.

சர்ரேயில் ஈஷர் பக்கத்தில் இருக்கும் கிளேர்மாண்டுக்குப் போய்ப் பாருங்கள். 1751இல் ஆற்காட்டுக் கோட்டை முற்றுகையில் பெயர் வாங்கிய அதே ராபர்ட் கிளைவ், பிளாசிக்குப் பிறகு வங்காளத்தில் குவித்த செல்வத்தோடு ஊர் திரும்பி வாங்கிய இடம். இருந்த வீட்டை இடித்துவிட்டு, பிரவுனைக் கொண்டே புதிதாகக் கட்டச் செய்தார். அதில் நிம்மதியாக வாழ்வதற்குள் 1774இல் இறந்துபோனார். வீடு இன்று பள்ளிக்கூடம். தோட்டம் மட்டும் நமக்குத் திறந்திருக்கிறது. அங்கே ஏரிக்கரையில் புல்லாலேயே படிப்படியாகச் செதுக்கிய ஓர் அரைவட்ட அரங்கம் உண்டு. அது கிளைவுக்கு முந்தியது, சார்ல்ஸ் பிரிட்ஜ்மேன் செய்தது. ஆஸ்டர்லியை வைத்திருந்த சைல்ட் குடும்பமும் வங்கிக்காரர்கள், கிழக்கிந்தியக் கம்பெனியில் இயக்குநர்களாக இருந்தவர்கள்.

இன்னும் விசித்திரமானது செசின்கோட். கம்பெனி வேலையில் பணம் சேர்த்த சார்ல்ஸ் காக்கரெல், கிளாஸ்டர்ஷயர் வயல்களுக்கு நடுவே முகலாயக் குவிமாடத்தோடு வீடு கட்டினார். தோட்டத்துக்கு யோசனை சொன்ன தாமஸ் டேனியல், 1792இல் மதுரை, தஞ்சை என்று சுற்றி ஓவியம் வரைந்தவர். சூரியனுக்கு ஒரு சிறு கோயில், பாம்பு சுற்றிய நீரூற்று, பாலத்தின் மேல் நந்தி போல அமர்ந்த காளைகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. தனியார் வீடு, வருடத்தில் சில மாதங்கள், வாரத்தில் சில நாட்களே திறப்பார்கள். மோர்டன்-இன்-மார்ஷ் ஸ்டேஷனிலிருந்து போகலாம்.

போகலாமா கூடாதா என்று கேட்டால், போக வேண்டும் என்பேன். அந்தச் சிலையை, கம்பளத்தை, பீங்கானைப் பார்க்கும்போது அது எப்படி இங்கே வந்தது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். நாம்தான் சொல்ல வேண்டும்.

ஒரே நாளில் இரண்டு இடம் பார்க்க முடியுமா?

முடியும். ஆனால் வேண்டாம். இரண்டின் கார் பார்க்கும் கடையும்தான் நினைவில் இருக்கும். காலை பத்து மணிக்கு ஒரே இடத்துக்குப் போய், கூட்டம் வருமுன் தோட்டத்தைச் சுற்றி, சாப்பிட்டு, மதியம் வீட்டைப் பார்த்து, மாலை வெயிலில் பிடித்த இடத்துக்கு இன்னொரு தடவை நடந்துவிட்டு வாருங்கள். வீட்டுக்கு நேரம் குறித்த டிக்கெட் இருந்தால் இரண்டு மணியைத் தேர்ந்தெடுங்கள். கடைசி நுழைவு, மூடும் நேரத்துக்கு வெகுமுன்பே முடிந்துவிடும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழை வந்தால்? குளிர்காலத்தில்?

தூறலுக்குப் பயந்தால் இந்த நாட்டில் எங்கும் போக முடியாது. குடையைவிட மழைக்கோட்டு நல்லது. பலத்த காற்று அடிக்கும் நாளில் மட்டும் கிளம்புமுன் அந்த இடத்தின் இணையப் பக்கத்தைப் பாருங்கள். மரம் விழும் பயத்தில் தோட்டத்தை மூடிவிடுவார்கள்.

குளிர்காலத்தில் பல வீடுகள் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை மூடியிருக்கும். அந்த நேரத்தில்தான் தூசி தட்டுவதும் பழுது பார்ப்பதும் நடக்கும். டிரஸ்டின் பெரும்பாலான தோட்டங்கள் அப்போதும் திறந்திருக்கின்றன. இலை உதிர்ந்தபின்தான் பிரவுன் போட்ட மேடு பள்ளமும் ஏரியின் வளைவும் முழுதாகத் தெரியும். நான்கு மணிக்கே இருட்டிவிடும் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள், தெர்மாஸில் காபியோடு.